ஒரு காலிக் கட்டம்கூட இல்லை

தபால்காரர் மதியம் இரண்டு முப்பத்தைந்துக்கு இறந்துபோனார். நாலு மணிக்கு அவரை இடது பக்கமாகவும் ஆறு மணிக்கு மல்லாக்கவும் திருப்பிப் படுக்க வைத்தாயிற்று என்று அவர் கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய தாள் சொன்னது. நான் அதைப் படித்தபோது மணி மூன்றரைகூட ஆகவில்லை.

அடிவயிறு கலங்கியது. பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே கழிவறைக்கு ஓடினேன். ஓடுவதற்கு முன்னால் அந்தத் தாளைக் கிளிப்பிலிருந்து உருவி, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டேன். இறந்தவரின் முகத்தைத் துணியால் மூடுவதற்கும் முன்னால் இதைச் செய்தேன். முதலில் ஆளைப் பார், அப்புறம் காகிதத்தைப் பார் என்று எத்தனை புது நர்ஸ்களுக்கு நான் பாடம் எடுத்திருப்பேன். எல்லாம் ஊருக்குச் சொன்ன உபதேசம்.

மரணத்தில் சந்தேகம் ஒன்றும் இல்லை. நுரையீரலில் சளி கட்டி, பத்து நாளாகவே நாங்களும் அவர் மகளும் எதிர்பார்த்திருந்தது. டாக்டர் வந்து பார்த்து, சான்றிதழ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது, “இடுப்புப் புண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல” என்றார். நான் கேட்கவே இல்லை. கேட்காமல் அவர் சொன்னதுதான் எனக்குத் திக்கென்றிருந்தது. அவர் கிளம்பிய பிறகுதான் தாளைப் பார்த்தேன்.

எங்கள் இல்லத்தில் எழுபத்தெட்டுக் கட்டில்கள், மூன்று மாடிகள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாதவர்கள் இங்கே வருகிறார்கள், பெரும்பாலும் கடைசி வரை இருக்கிறார்கள். தபால்காரர் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பக்கவாதம் வலது பக்கத்தை அடித்துப் போட்டுவிட்டது. பேச்சு குழறும். ஆனாலும் புதிதாக யார் வந்து ஊசி போட்டாலும், “உன் வீட்டு நம்பர் என்ன?” என்று கேட்காமல் விடமாட்டார். நம்பரைச் சொன்னால் போதும், அது தெருவின் இடது கையா வலது கையா என்று சொல்லிவிடுவார். தானாக இந்தப் பக்கம் அந்தப் பக்கம் புரள மட்டும் அவரால் ஆகாது.

அப்படிப்பட்டவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் உடம்பின் எடை ஒரே இடத்தில் அழுந்தி, தோல் கன்றிப் போய்ப் புண் வந்துவிடும். அதற்குத்தான் அந்தத் தாள். எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு என்று பகல் ஷிஃப்டுக்கு ஆறு கட்டங்கள். ‘இ’ என்றால் இடது, ‘வ’ என்றால் வலது, ‘ம’ என்றால் மல்லாக்க. எழுத்துக்குப் பக்கத்தில் திருப்பியவரின் சின்னக் கையெழுத்து. அவ்வளவுதான் சமாச்சாரம்.

காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்ததும் ஆறு கட்டங்களையும் ஒரே மூச்சில் நிரப்பிவிடுவதற்கு எங்கள் ஆட்கள் வைத்திருந்த பெயர் ‘கட்டம் கட்டறது’. “என்ன, கட்டம் கட்டியாச்சா?” என்றுதான் காலையில் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வார்கள். வெளியில் ஒரு மனிதரைக் கட்டம் கட்டுவது என்றால் அவர் கதையை முடிப்பது என்று அர்த்தம். எங்கள் ஆட்களின் குசும்புக்கு அளவே கிடையாது.

இந்த நல்ல பழக்கத்தைத் தொடங்கி வைத்த புண்ணியவதி நான்தான்.

அதைச் சொல்லத்தான் வேண்டும். நான் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் பதினொரு வருடம் நின்றவள். இங்கே வருகிறேன் என்றதும் அங்கே இருந்த தோழிகள், “ரிட்டயர் ஆகப் போறியாடி?” என்று சிரித்தார்கள். வீட்டுக்காரருக்கு மட்டும் சந்தோஷம், இனிமேல் நேரத்துக்கு வீட்டுக்கு வருவேன் என்று நினைத்தார், பாவம். வந்து இரண்டாம் வருடம் முதல் மாடிக்குப் பொறுப்பாளர் ஆனேன். அந்தச் சமயம் பார்த்து ஆய்வு அதிகாரி வந்தார். திருப்பும் தாள்களில் பதினொரு கட்டங்கள் காலியாக இருந்ததைக் கண்டுபிடித்து, அப்போதைய தலைமை நிர்வாகியை எல்லோர் முன்னாலும் நார் நாராகக் கிழித்தார். ஆட்களைத் திருப்பாமல் விடவில்லை. திருப்பிவிட்டு எழுத மறந்திருந்தார்கள், அதுதான் நடந்தது. மறுநாள் காலை நான் என் ஆட்களை நிற்க வைத்து, “வந்ததும் எல்லாக் கட்டத்தையும் போட்டுடுங்க. வேலையை எப்படியும் செய்யத்தானே போறீங்க” என்றேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

முதல் வருடம் அது உண்மையாகவே இருந்தது. எழுதினார்கள், செய்தார்கள். அப்புறம் ஆள் குறைந்தது. எழுதினார்கள், முடிந்தால் செய்தார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன். அடுத்த ஆய்வில் முதல் மாடியைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். தபால் வழியில் நிர்வாகப் படிப்பு இரண்டு வருடம் படித்தேன், துணை நிர்வாகி ஆனேன். தலைமைப் பதவிக்கு நேர்காணல் நடந்தபோது இல்லத்தை நடத்தும் டிரஸ்டின் செயலாளர் என் மாடியின் தாள்களை மேசையில் விரித்துப் போட்டு, “பாருங்க, ஒரு காலிக் கட்டம்கூட இல்லை” என்று மற்றவர்களிடம் காட்டினார். அன்றைக்கு நான் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தேன்.

அந்தத் தலைமை நாற்காலியில் உட்கார்ந்து பதினேழு நாள் ஆகியிருந்தது. நேற்றுவரை சிஸ்டர் என்று கூப்பிட்டவர்கள் ஒரே நாளில் மேடம் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். அதற்கே நான் இன்னும் பழகவில்லை.

கழிவறையிலிருந்து வெளியே வந்து, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அந்தக் கம்பி தாத்தாக்களுக்காகப் போட்டது. அவசரப் பிரிவில் இரத்தத்தில் வழுக்கி விழுந்திருக்கிறேன், கத்தியோடு வந்தவனைக் கதவைச் சாத்தி வெளியே நிறுத்தியிருக்கிறேன். அப்போதெல்லாம் வந்த பயம் ஷிஃப்ட் முடிந்ததும் என்னோடு பஸ் ஏறாது. இது வேறு மாதிரி. இதற்கு முடிகிற நேரம் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

தபால்காரரின் மகள் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என் வயதுதான் இருக்கும். அழுது முடித்து முகம் கழுவியிருந்தாள்.

“சிஸ்டர், ஒரு உதவி” என்றாள். அவள் மட்டும் என்னை இன்னும் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“சொல்லுங்கம்மா.”

“அப்பா கட்டில்ல ஒரு தாள் தொங்குமே, எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் திருப்பினீங்கன்னு. அது எனக்கு வேணும்.”

“எது, இன்னைக்குதா?”

“இந்த மாசத்துது எல்லாம் எடுத்து வையுங்க, பார்த்துக்கறேன். இன்னைக்குது அங்க காணோமே?”

“நான் எடுத்து வெச்சிருக்கேன்” என்றேன். பொய் இல்லை. என் பையில்தான் இருந்தது.

“அஞ்சு மணிக்கு வண்டி வருது. அதுக்குள்ள குடுத்தா போதும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அப்பா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

எதற்கு என்று அவள் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். அவள் வேலை பார்ப்பது ஒரு வக்கீல் அலுவலகத்தில். இருபது வருடமாக அங்கே டைப்பிஸ்ட். மூன்று வாரத்துக்கு முன்னால் அப்பாவின் வலது இடுப்பில் புண் வந்ததைப் பார்த்து, “இது எப்படி சிஸ்டர் வந்துச்சு?” என்று ஒரே ஒரு தடவை கேட்டவள். அன்றைக்கு நான் வயசு, இரத்த ஓட்டம், சத்துக் குறைவு என்று ஒரு பட்டியலே ஒப்பித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன், திருப்புவதைத் தவிர.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் செயலாளருக்குப் போன் செய்தேன். அவர் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியர். யார் பேசினாலும் பாதியில் நிறுத்தித் திருத்துவார். அன்றைக்கு நான் பேசி முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவே எனக்கு இன்னும் உதறலைக் கொடுத்தது.

“செத்தவரை ரெண்டு தடவை திருப்பியிருக்கோம்னு எழுத்துல இருக்கு. அப்படித்தானே?” என்றார்.

“ஆமா சார்.”

“வேற யார் பார்த்தாங்க?”

“இன்னைக்குத் தாளை யாரும் சரியாப் பார்க்கலைன்னு நினைக்கிறேன்.”

“அப்ப என்ன? புதுத் தாள் ஒண்ணு எடுங்க. ரெண்டு மணி வரைக்கும் போடுங்க. நாலும் ஆறும் காலியா இருக்கட்டும். அதுதானே உண்மை? உண்மையைத்தானே எழுதறீங்க?”

சட்டைப் பையில் இருந்த தாளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

“இல்லையா, எழுதின பொண்ணை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுங்க. கவனக்குறைவு, நடவடிக்கை எடுத்தாச்சுன்னு அந்தம்மாகிட்ட சொல்லலாம். ரெண்டுல எது வசதியோ செய்யுங்க. ஆனா ஒண்ணு, விஷயம் வெளிய போச்சுன்னா லைசென்ஸ் போயிடும். எழுபத்தெட்டுப் பேரையும் எங்க கொண்டுபோய் வைப்பீங்க? பதினேழு நாள்ல இல்லத்தை மூடின பேர் உங்களுக்கு வேணாம்மா.”

நாள் கணக்கு அவருக்கும் சரியாகத் தெரிந்திருந்தது. போனை வைத்த பிறகும் காதில் அது சூடாகவே இருந்தது.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு அனுப்பினேன். மாடியில் எல்லோரும் அவளை எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். நடக்கவே தெரியாது, எப்போதும் ஓட்டம்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது. ஆட்களைத் தூக்கித் தூக்கி முதுகு போய், சட்டைக்கு மேலேயே இடுப்புப் பட்டை கட்டியிருப்பாள். அதன் மேல் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றாள். நான் தாளைப் பிரித்து மேசையில் வைத்தேன். பார்த்ததும் அவள் முகத்தில் ஈயாடவில்லை.

“அடிச்சு விட மறந்துட்டேன் மேடம்” என்றாள்.

அதாவது, ஆள் இறந்துபோனால் மிச்சக் கட்டங்களைக் கோடு போட்டு அடித்துவிடுவதும் வழக்கத்தில் இருந்திருக்கிறது. எனக்கே அது புதுச் செய்தி.

“இப்படி எழுதணும்னு உனக்கு யார் சொன்னது?”

“சேர்ந்த அன்னைக்கே சொன்னாங்க மேடம். இங்க இப்படித்தான்னு.”

“யாரு சொன்னது?”

“யாரோ. ஞாபகம் இல்ல மேடம். எல்லாருமே அப்படித்தானே செய்யறாங்க.”

அந்த யாரோ நான்தான். அது அவளுக்குத் தெரியாது. அன்றைக்கு நான் நிற்க வைத்துப் பேசிய நாலு பேரில் மூன்று பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள், ஒருத்தி இரவு ஷிஃப்டில் இருக்கிறாள். நான் வாயைத் திறக்காவிட்டால் இந்தப் பழக்கத்துக்கு அம்மாவும் கிடையாது, அப்பாவும் கிடையாது. தப்பித்துக்கொள்ளலாம் என்று தெரிந்ததும் என் பயம் குறைந்திருக்க வேண்டும். கூடியது. என்னைப் பற்றியே எனக்குப் பயமாக இருந்தது.

“உண்மையைச் சொல்லு. எழுதினபடி திருப்பறீங்களா இல்லையா?”

அவள் இடுப்புப் பட்டையை இழுத்து இறுக்கிக்கொண்டாள். “மூணு பேர் இருந்தா திருப்பறோம் மேடம். ரெண்டு பேர்னா காலையில ஒரு ரவுண்டு, சாயந்தரம் ஒரு ரவுண்டு. ஞாயித்துக்கிழமைல ரெண்டு பேர்தான். இருபத்தாறு பேருக்கு ஊட்டி முடிக்கவே மூணு மணி ஆயிடும். அன்னைக்கெல்லாம் காலைல படுக்க வெச்சது வெச்சதுதான்.” பிறகு குரல் தணிந்து, “வேலை போயிடுமா மேடம்?” என்றாள்.

“போ, மேல போய் வேலையைப் பாரு” என்றேன். முதல் தடவையாக அவள் ஓடாமல் நடந்து போனதைப் பார்த்தேன்.

மேசை இழுப்பறையில் வெற்றுத் தாள்கள் கட்டுக்கட்டாக இருந்தன. ஒன்றை எடுத்தேன். கதவைத் தாழிட்டேன். குழந்தையின் நெற்றி நரம்பில் ஊசி ஏற்றிய கை இது, ஒரு ‘வ’ போட வரவில்லை. எட்டு மணிக்கு வலது. பத்துக்கு இடது. பன்னிரண்டுக்கு மல்லாக்க. இரண்டுக்கு வலது. எக்ஸ்பிரஸின் சின்னக் கையெழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். முதல் தாள் வியர்வையில் கலங்கிவிட்டது. கிழித்து, கிழித்ததைக் குப்பைக்கூடையில் போடப் பயந்து கைப்பைக்குள் போட்டேன். இரண்டாவது சுமாராக வந்தது. வெளியே யாரோ சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போன சத்தத்துக்கே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

நாலு மணிக் கட்டமும் ஆறு மணிக் கட்டமும் காலியாக, கண்ணியமாக இருந்தன. பார்த்தால் யாரும் சந்தேகப்பட முடியாது. மடிப்பு விழுந்த பழைய தாளை மேசையில் இடது பக்கமும், புதுத் தாளை வலது பக்கமும் வைத்தேன். மாதத் தாள்கள் இருந்த கோப்பை நடுவில் வைத்தேன். எந்தத் தாளைக் கோப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்யாமலே நாலு நாற்பது ஆகிவிட்டது. கதவு தட்டப்பட்டதும் இரண்டையும் அள்ளி இழுப்பறைக்குள் போட்டேன்.

மகள் உள்ளே வந்து உட்கார்ந்தாள். மடியில் ஒரு துணிப்பை. அப்பாவின் கண்ணாடி, சவரப் பெட்டி, சின்ன ரேடியோ எல்லாம் அதில் இருந்தன. ரேடியோவின் கம்பி பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அதை உள்ளே தள்ளினாள், அது திரும்ப நீட்டிக்கொண்டது.

“இன்னைக்குத் தாள்…” என்று நான் ஆரம்பித்தேன். அதற்கு மேல் எந்த வாக்கியம் வருமென்று எனக்கே தெரியாது.

“இன்னைக்குது வேணாம் சிஸ்டர்” என்றாள். “போன ஞாயித்துக்கிழமைத் தாள் மட்டும் போதும்.”

“ஞாயித்துக்கிழமையா?”

“அன்னைக்கு நான் வந்திருந்தேன். ரெண்டேகால் மணி இருக்கும். அப்பா ‘திருப்பு, திருப்பு’ன்னார். எனக்குத் தனியாத் திருப்பத் தெரியாது. யாரையாவது கூப்பிடலாம்னு எழுந்தேன். அப்பத்தான் தாளைப் பார்த்தேன். ரெண்டு மணிக்கு வலது பக்கம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது. அவரும் வலது பக்கம்தான் படுத்திருந்தார். திருப்பிப் பதினஞ்சு நிமிஷம்கூட ஆகலையே. ‘இப்பதானேப்பா திருப்பியிருக்காங்க. அவங்களும் மனுஷங்கதானே, சும்மா கூப்பிட்டா கோவிச்சுக்குவாங்க’ன்னு சொன்னேன்.”

நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

“அவர் விடலை. வலிக்குது, திருப்புன்னு சொல்லிட்டே இருந்தார். நானும் தாளைக் காட்டிச் சொல்லிட்டே இருந்தேன். ஒரு கட்டத்துல எனக்குக் கோபம் வந்துடுச்சு. புத்தி பிசகிப் போச்சுன்னு நினைச்சேன். ‘இப்படி நச்சரிச்சா நான் இனிமே வரமாட்டேன்’னு சொல்லிட்டேன் சிஸ்டர். அப்புறம் அவர் வாயை மூடிட்டார். மூணரைக்கு நான் கிளம்பறப்பகூட எதுவும் பேசலை. அதோட சரி. அதுக்கப்புறம் அவர் என்கிட்ட எதையுமே கேட்கலை.”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “கேஸ் கீஸ் எதுவும் இல்ல, நீங்க பயப்படாதீங்க. மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுது. எனக்கு அந்த ஒரு தாள் வேணும். நான் சொன்னது சரிதான்னு ஒரு தடவை பார்த்துட்டேன்னா போதும். இல்லேன்னா தூக்கம் வராது.”

வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது நிம்மதி. கேஸ் இல்லை என்ற வார்த்தையில் உடம்பே தளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமைத் தாள் கோப்பில் பத்திரமாக இருந்தது. அதில் நான் ஒரு புள்ளிகூடத் திருத்தவில்லை. ஆறு கட்டங்களும் அழகாக நிரம்பியிருந்தன. எடுத்துக் கொடுத்தால் முடிந்தது. அவள் தூங்குவாள். எக்ஸ்பிரஸுக்கு வேலை இருக்கும். எனக்கு நாற்காலி இருக்கும். இத்தனை பேருக்கு நல்லது செய்கிற பொய்யை நான் புதிதாகச் சொல்லக்கூட வேண்டாம். ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. கோப்பைத் திறந்து அந்தத் தாளைக் கையில் எடுத்தும்விட்டேன்.

எட்டு மணிக் கட்டத்தில் ‘வ’ இருந்தது. இரண்டு மணிக் கட்டத்திலும் ‘வ’. காலைல படுக்க வெச்சது வெச்சதுதான் என்று எக்ஸ்பிரஸ் சொன்னாள். அப்படியானால் அந்த மனிதர் எட்டு மணியிலிருந்து அந்தப் புண்ணின் மேலேயே படுத்திருக்கிறார். ஆறு மணி நேரம் கழித்து, தன் சொந்த மகள் வந்ததும், திருப்பு என்று கேட்டிருக்கிறார். அவர் புத்தி தெளிவாகத்தான் இருந்திருக்கிறது. அவர் மகள் அவரை நம்பாமல் என் தாளை நம்பினாள்.

எனக்குப் பல் கிட்டித்தது. அந்த அறையில் குளிர் கிடையாது, மின்விசிறிகூட மெதுவாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. பயம் தெளிந்து தைரியம் வந்து சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயந்துகொண்டேதான் சொன்னேன்.

“உங்க அப்பா சொன்னதுதான் சரிம்மா. இந்தத் தாள் பொய்.”

அவளுக்குப் புரியவில்லை. “இதுல கையெழுத்து இருக்கே.”

“காலையிலயே எல்லாக் கட்டத்தையும் போட்டுடுவாங்க. அன்னைக்கு மதியம் யாரும் அவரைத் திருப்பலை. பத்துக்கும் திருப்பலை, பன்னெண்டுக்கும் திருப்பலை. எட்டு மணியில இருந்து அப்படியேதான் படுத்திருந்தார்.”

“யாரு இப்படிப் போடறது?”

“போட்டது ஒரு பொண்ணு. போடச் சொன்னது நான். அவ வேலைக்கு வர்றதுக்கு முன்னாலயே.”

இழுப்பறையைத் திறந்து மடிப்பு விழுந்த தாளையும் நான் வரைந்த தாளையும் எடுத்து அவள் முன்னால் வைத்தேன். எது என்ன என்று சொன்னேன். அவள் இரண்டையும் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமைத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை எட்டு மணிக் கட்டத்தில் வைத்து, ஒவ்வொன்றாக நகர்த்தி, இரண்டு மணிக் கட்டத்தில் நிறுத்தினாள். அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

மேசையில் என் போன் அதிர்ந்தது. செயலாளர். நான் எடுக்கவில்லை; அது அடித்து ஓய்ந்தது.

“இப்ப சொன்னதை எழுதிக் குடுங்க” என்றாள்.

இல்லத்தின் பெயர் அச்சிட்ட தாளை எடுத்தேன். இந்த ஒரு தாள் என் நாற்காலிக்கு மட்டும் இல்லை, என் நர்ஸ் பதிவுக்கே உலை வைக்கும் என்று எழுதும்போதே தெரிந்தது. அதற்கான விசாரணை வருகிற வியாழக்கிழமை. இன்றைக்கு வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அன்றைக்கு எழுதியது என்னவோ ஐந்தே வரிதான். இன்ன தேதி, இன்ன கட்டில், காலை எட்டு மணிக்குப் பிறகு நோயாளி திருப்பப்படவில்லை, பதிவுகள் முன்கூட்டியே நிரப்பப்பட்டவை, அந்த வழக்கத்தை ஏற்படுத்தியது நான். கையெழுத்துப் போட்டு, தாளைத் திருப்பி அவள் பக்கம் வைத்தேன்.

அவள் படித்தாள். இருபது வருடம் மற்றவர்கள் எழுதியதைப் படித்துத் தட்டச்சு செய்தவள். ஒரு வரியில் நின்றாள்.

“திருப்பப்படவில்லைன்னு மட்டும் இருக்கு. அவர் கேட்டார்னு எழுதுங்க.”

அந்த வரிக்கு மேலே, ‘திருப்பும்படி பலமுறை கேட்டார்’ என்று இடுக்கி எழுதினேன்.

“மகள் மாட்டேன்னு சொன்னான்னும் எழுதுங்க.”

“அம்மா, அது உங்க தப்பு இல்ல.”

“தப்பா சரியான்னு நான் கேட்கலை சிஸ்டர். நடந்துச்சா இல்லையா?”

என் கையில் பேனா நகரவில்லை. நடக்காததை எழுதச் சொல்லி நாலு பேரை நிற்க வைத்த எனக்கு, நடந்த ஒன்றை எழுத வரவில்லை. அவள் கையை நீட்டிப் பேனாவை வாங்கிக்கொண்டாள். என் கையெழுத்துக்குக் கீழே இருந்த இடத்தில், அவசரமே இல்லாமல், மதியம் இரண்டேகாலிலிருந்து மூன்றரை வரை அவர் கேட்டதாகவும் மகள் மறுத்ததாகவும் எழுதி, தன் பெயரைப் போட்டாள்.